பழைய ஃபோர்டு காரின் கூரைக்கு அசல் துணி எங்கே கிடைக்கும்?

கேள்வி இது: "1930-ம் வருட ஃபோர்டு மாடல் ஏ டூடர் (இரண்டு கதவு) கார். தாத்தா வாங்கியது, இருபது வருடமாக ஷெட்டில் நிற்கிறது. கூரையின் நடுவில் இருக்கும் கருப்புத் துணி பாளம் பாளமாக வெடித்து, தொட்டாலே உதிர்கிறது. குஷன் கடையில், சோபாவுக்குப் போடும் ரெக்சினை ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் போட்ட அதே துணி இப்போது கிடைக்குமா? எங்கே தேடுவது?"

முதலில், அந்த சோபா ரெக்சினை ஒட்ட விடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அடுத்து, கடைகளைத் தேடிப் போவதற்கு முன் உங்கள் காரையே தேடிப் பாருங்கள். அசல் துணி எது என்பதற்கான சாட்சி பெரும்பாலும் அந்தக் கூரையிலேயே, ஓரப் பட்டைக்கு அடியில், ஒரு விரல் அகலத்துக்காவது மிஞ்சியிருக்கும். வெயிலும் மழையும் படாத அந்தத் துண்டுதான் உங்களுக்கு வழிகாட்டி. அது கையில் இல்லாமல் எந்தக் கடைக்குப் போனாலும், கடைக்காரரிடம் இருப்பதைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

கூரையின் நடுவில் ஏன் துணி வைத்தார்கள் என்பது தெரிந்தால் மற்ற எல்லாம் எளிதாகப் புரியும். கூரை முழுவதையும் ஒரே தகடாக அழுத்தி எடுக்க அன்றைய கம்பெனிகளால் முடியவில்லை. அவ்வளவு அகலமான எஃகுத் தகடும், அதை வளைத்து எடுக்கும் பெரிய அச்சு இயந்திரமும் புழக்கத்துக்கு வர 1930-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1935 மாடல் கார்களில் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்து, அதற்கு 'டர்ரெட் டாப்' என்று பெயர் சூட்டிப் பெரிதாக விளம்பரம் செய்தது. ஃபோர்டு 1937 மாடலில்தான் அங்கே வந்து சேர்ந்தது. அதுவரை ஓரங்களில் தகடு, நடுவில் ஒரு பெரிய திறப்பு, அந்தத் திறப்பின் மேல் மரச் சட்டம், பஞ்சு, துணி. இதுதான் வழக்கம். அதாவது உங்கள் காரின் கூரைத் துணி அழகுக்காக ஒட்டிய மேல்தோல் இல்லை. அதுதான் கூரையே. மழையைத் தடுப்பதும் அதுதான். அதனால்தான் எந்தத் துணி, எப்படி இழுத்து அடித்தது என்பதெல்லாம் இவ்வளவு முக்கியமாகிறது.

அந்தக் காலத்துப் பல கார்களில் மரச் சட்டத்தின் மேல் கோழி வலை விரித்திருப்பார்கள். பஞ்சு கீழே தொங்காமல் தாங்குவதற்கு அது. காரில் ரேடியோ வந்ததும் அதே கோழி வலையை ஏரியலாகப் பயன்படுத்தினார்கள். கூரை முழுக்க எஃகு ஆனபோது அந்த வசதி போய்விட்டது, ஏரியலைக் கால்படிக்கு அடியில் கொண்டுபோய் வைக்கவேண்டி வந்தது. உங்கள் காரில் வலை இருந்தால் துருப்பிடித்த குப்பை என்று தூக்கி எறியாதீர்கள். கண்ணியின் அளவைக் குறித்துக்கொண்டு புது வலை போடுங்கள்.

சரி, துணிக்கு வருவோம். அன்றைய மூடிய கார்களில் போட்டதன் அடிப்படை ஒன்றுதான்: நெய்த பருத்தித் துணி, அதன் மேல் ஒரு பூச்சு, அந்தப் பூச்சில் சூடான உருளையால் அழுத்திய தோல் போன்ற வரிகள். பூச்சில்தான் வித்தியாசம். ஒரு வகை ரப்பர் பூச்சு. இன்னொரு வகை நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, அதாவது பருத்தி நாரை அமிலத்தில் பதப்படுத்தி எடுத்த, சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனி 'ஃபேப்ரிகாய்டு' என்று விற்றதும், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைடு என்ற ஊரில் இருந்த ரெக்சின் கம்பெனி செய்ததும் இந்த இரண்டாவது வகை. ஆமாம், நாம் இன்று பஸ் சீட்டிலிருந்து பள்ளிக்கூடப் பை வரை எல்லாவற்றையும் 'ரெக்சின்' என்கிறோமே, அது அந்தக் கம்பெனியின் பெயர்தான். அசல் ரெக்சினில் இருந்தவை பருத்தித் துணி, நைட்ரோசெல்லுலோஸ், கற்பூர எண்ணெய், ஆல்கஹால், நிறமி. இப்போது அந்தப் பெயரில் கடையில் கிடைப்பது பிவிசி என்ற பிளாஸ்டிக் பூச்சு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது, பொருள் மாறிவிட்டது. கடையில் போய் "அசல் ரெக்சின் கொடுங்கள்" என்று கேட்டால் குழப்பம் வருவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உங்களுடையது மூடிய கார். ஃபேட்டன், ரோட்ஸ்டர் போன்ற மடக்குக் கூரை உள்ள திறந்த கார்களுக்குப் போட்டது வேறு: இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் படலம் வைத்தது. 1823-ல் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் மழைக்கோட்டுக்குக் காப்புரிமை எடுத்த அதே யுக்தி. மடக்கி விரிக்க அதுதான் சரி. அதை வாங்கி வந்து டூடர் கூரையில் போட்டால் தரமான துணிதான், ஆனால் காருக்குப் பொருந்தாது.

இப்போது சாட்சியைத் தேடும் வேலை. கூரைத் துணியின் விளிம்பை மூடியிருக்கும் பட்டையை ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக நெம்புங்கள். அவசரம் வேண்டாம். ஒவ்வொரு படியையும் போட்டோ எடுங்கள்: பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, முனையில் சின்ன உலோக மூடி இருக்கிறதா, ஆணிகள் எவ்வளவு இடைவெளியில் அடித்திருக்கின்றன, துணியின் விளிம்பு மடித்திருக்கிறதா, வெட்டியபடி விட்டிருக்கிறதா. 90 வருடத்துக் கார் என்பதால் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை துணி மாறியிருக்கலாம். மரத்தில் பழைய ஆணி ஓட்டைகள் இரண்டு மூன்று வரிசையாக இருந்தால் அதுதான் அர்த்தம். அப்படி இருந்தால் துருப்பிடித்து உடைந்த ஆணித்தலைகளுக்கு அடியில் பாருங்கள். துணியைக் கிழித்து எடுத்தவர்கள் ஆணியைப் பிடுங்காமல் விட்டிருந்தால், நகக்கண் அளவு அசல் துணி அங்கே சிக்கியிருக்கும். ஒரு காரில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வரியின் திசையும் நெசவும் தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

கிடைத்த துண்டு எந்த வகை என்று தெரிய ஒரு எளிய சோதனை. துணுக்கிலும் துணுக்காக எடுத்து, வெட்டவெளியில், இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காருக்குப் பக்கத்தில் வேண்டாம், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு குப்பென்று பிடித்து நொடியில் எரிந்துவிடும். ரப்பர் என்றால் கரும்புகையும் டயர் எரியும் வாடையும் வரும். பிவிசியா என்று பார்க்க ஒரு செம்புக் கம்பியைச் சூடாக்கி அந்தத் துண்டின் மேல் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் அநேகமாக அது பிவிசிதான், அதாவது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யாரோ மாற்றிப் போட்டது. அப்படியானால் நீங்கள் தேடும் அசல் அதற்கும் அடியில் இருக்கிறது.

உங்கள் காரில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கிலாந்து நீங்கலாகப் பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் ஃபோர்டு கார் அனுப்பும் உரிமை ஃபோர்டு கனடாவிடம் இருந்தது. 1926-ல் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டு கம்பெனியும் அதன் கிளைதான். எனவே இங்கே வந்த வலப்பக்க ஸ்டியரிங் மாடல் ஏ கார்கள் கனடா வழி. அமெரிக்காவின் இரண்டு பெரிய மாடல் ஏ சங்கங்களும் சேர்ந்து, எந்த மாதம் தயாரான காரில் எந்தப் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விதிமுறைத் தொகுப்பு வெளியிடுகிறார்கள். கூரைத் துணியின் வரி, நிறம், ஓரப்பட்டை எல்லாம் அதில் உண்டு. வாங்கிப் படியுங்கள், மிகவும் உதவும். ஆனால் அது அமெரிக்கக் கார்களை வைத்து எழுதியது. அதில் சொல்வதும் உங்கள் காரில் கிடைத்த துண்டும் முரண்பட்டால், துண்டு முதல் முறை அடித்த ஆணியோடு கிடைத்திருக்கும் பட்சத்தில், நான் துண்டைத்தான் நம்புவேன்.

இனி வாங்குவது. பழைய ஸ்டாக்கைத் தேடிப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அந்தக் காலத்துச் சுருள், பிரிக்கவே இல்லை என்று சொன்ன ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பிரித்தபோது ஒவ்வொரு சுற்றிலும் அப்பளம் போல நொறுங்கியது. விற்றவர் பொய் சொல்லவில்லை, பொருளின் இயல்பே அது. பூச்சு வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் காலப்போக்கில் வெளியேறிவிடும். ஃபேப்ரிகாய்டு போன்றவற்றில் சேர்த்தது நம் விளக்கெண்ணெய்தான். எண்ணெய் போனதும் பூச்சு கண்ணாடி போல இறுகிவிடும். அதோடு நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது வரும் அமில வாயு அடியில் இருக்கும் பருத்தியையும் அரிக்கும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் அது கெட்டுக்கொண்டேதான் இருக்கும். எனவே 1930-ல் தயாரான துணியை 2020-களில் கூரையில் போடுவது நடக்காத காரியம். ரப்பர் பூச்சும் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துப்போகும்.

நீங்கள் தேட வேண்டியது அதே நெசவு, அதே வரி, அதே பளபளப்பு உள்ள புதுத் துணி. அதை இன்றும் செய்கிறார்கள். மாடல் ஏ-யின் மூடிய கார்களுக்கு என்று அமெரிக்கப் பாகக் கடைகள் விற்பது 'கோப்ரா கிரெய்ன்' என்ற நீள வரி கொண்ட கருப்புத் துணி. கேட்கும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாசசூசெட்ஸில் இருக்கும் ஹார்ட்ஸ் கம்பெனி 1907-ல் தொடங்கி இன்றுவரை கார் கூரைத் துணி செய்துவருகிறது. சில்லறையாக வாங்க ஓரிகனில் எஸ்எம்எஸ் ஆட்டோ ஃபேப்ரிக்ஸ், நியூ ஜெர்சியில் பில் ஹிர்ஷ் போன்ற பழைய கார்த் துணிக் கடைகள் உண்டு. பழைய கட்டுரைகளைப் படித்தால் எல்லோரும் ஏம்ஸ்பரி ஊரின் லெபாரன் பானியைச் சொல்வார்கள். ஃபோர்டுக்கு அதைவிடப் பெயர் வாங்கிய கடை இருந்ததில்லை. ஆனால் அது சில வருடங்களுக்கு முன் மூடப்பட்டுவிட்டது, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே வாங்கினாலும் முதலில் மாதிரித் துண்டு கேளுங்கள். திரையில் பார்த்து வரியையும் பளபளப்பையும் முடிவு செய்ய முடியாது. மாதிரி வந்ததும் உங்கள் பழைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, காலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அதிகமாக மின்னினால் வேண்டாம், அசல் துணி மங்கிய மினுமினுப்பு உள்ளது. அகலத்தையும் கவனியுங்கள். இவை பெரும்பாலும் 54 அல்லது 60 அங்குல அகலத்தில் வரும். கூரையின் நடுவில் தையல் வரக்கூடாது என்பதால் திறப்பை அளந்து, நான்கு பக்கமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். அங்கே யார்டு கணக்கு, ஒரு யார்டு 91 சென்டிமீட்டர்தான், மீட்டர் என்று நினைத்தால் துணி பற்றாது. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து சில சமயம் துணியின் விலையைத் தாண்டிவிடும். ஊரில் வேறு யாரிடமாவது அதே காலத்துக் கார் இருந்தால் சேர்ந்து தருவியுங்கள்.

அது கட்டுப்படி ஆகாது என்றால் இங்கேயே தேடலாம், தவறில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் பொருட்கள் விற்கும் கடைகளில் சுருள் சுருளாக அடுக்கியிருப்பார்கள். அங்கே துணியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சோபா ரெக்சின் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் அந்த முதுகில்தான் இருக்கிறது. சோபாவுக்கு வருவதில் பெரும்பாலும் பனியன் துணி போன்ற பின்னல் இருக்கும், சிலவற்றில் ஸ்பாஞ்சும் ஒட்டியிருக்கும். வளைவுகளில் நீண்டு கொடுக்க சோபாவுக்கு அது நல்லது. கூரைக்கு அதுவே வினை. சித்திரை வெயிலில் இளகி நீளும், மாலையில் முழுதாகத் திரும்பச் சுருங்காது, இரண்டு கோடைக்குள் நடுவில் தொய்ந்து குளம் கட்டும். முதுகில் நெய்த பருத்தி இருக்க வேண்டும். இரு கையாலும் நேராக இழுத்தால் அசையக்கூடாது, மூலைவாட்டில் இழுத்தால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். வரி கொஞ்சம் வேறுபட்டாலும் முதுகு சரியாக இருந்தால் வாங்குங்கள். முகம் பொருந்தி முதுகு பொருந்தாததை வாங்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். கூரையை அசலாக்குவது முதலில் அதன் கட்டுமானம், அப்புறம்தான் தோற்றம். லாரிப் படுதா தைப்பவர்களிடம் கிடைக்கும் கனத்த துணியும் சரிவராது, மூலையில் மடிப்பு உட்காராது.

துணிக்கு அடியில் இருப்பதையும் அதே அக்கறையோடு செய்யுங்கள், இதற்கு எல்லாமே உள்ளூரில் கிடைக்கும். அந்தக் கால அமெரிக்க ஃபோர்டுகளின் மரம் மிச்சிகனில் அயர்ன் மவுண்டனில் இருந்த ஃபோர்டின் சொந்த ஆலையில் அறுத்தது. (அங்கே மிஞ்சிய மரத்தை எரித்து விற்ற கரிதான் பின்னாளில் கிங்ஸ்ஃபோர்டு என்ற அமெரிக்க அடுப்புக்கரி ஆனது.) உங்கள் சட்டம் உளுத்திருந்தால் நன்றாகக் காய்ந்த தேக்கில் அதே அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். ஆணி அடிக்கும் ஓரச் சட்டத்தில் மட்டும் பிளைவுட் வேண்டாம். விளிம்பில் ஆணி இறங்கினால் அடுக்கு அடுக்காகப் பிரியும். பஞ்சுக்குப் பதில் ஸ்பாஞ்ச் போடாதீர்கள். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சில வருடச் சூட்டில் மாவாகக் கொட்டும். மெத்தை தைப்பவரிடம் பருத்திப் பஞ்சை ஏடாக அடித்து வாங்குங்கள். இலவம் பஞ்சு ஓரிடத்தில் நிற்காது. மெல்லிய ஏடு போதும். கூரை மெத்தை மாதிரிப் புடைத்தால் காரின் முகமே மாறிவிடும். பஞ்சின் மேல் விரிக்கக் காடாத் துணி பொருத்தம். கஞ்சி போகும்வரை அலசிக் காயவைத்த பிறகே விரியுங்கள். கஞ்சியோடு விட்டால் முதல் மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கும்.

மேல்துணியைப் பசை போட்டு ஒட்டக்கூடாது. மேடு பள்ளத்தில் போகும்போது மரச் சட்டமும் தகடும் வேறு வேறு விதமாக அசையும். ஒட்டிய துணி அந்த எல்லையிலேயே கிழியும். அந்தக் காலத்தில் குட்டை ஆணி அடித்துத்தான் பொருத்தினார்கள், அதுவே இன்றும் சரி. துணியை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து இளக விடுங்கள். முன்பக்க நடுவில் ஒரு ஆணி, இழுத்துப் பின்பக்க நடுவில் ஒன்று, பிறகு இடம், வலம். நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக, ஒரு சாண் இடைவெளியில் பாதி மட்டும் இறக்கி அடித்துக்கொண்டே போங்கள். மறுநாள் வெயிலில் எங்காவது தளர்ந்திருக்கிறதா பார்த்து, அந்த இடத்தில் பிடுங்கி மறுபடி இழுத்து, அப்புறம் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக முழுதும் இறக்குங்கள். ஸ்டேப்ளர் வேகமானதுதான், ஆனால் அதன் கம்பி துணியை வெட்டிக்கொண்டு இறங்கும். 20 வருடம் கழித்து அடுத்தவர் இந்தக் கூரையைத் திறக்கும்போது ஆணியைப் பிடுங்குவதும் சுலபம்.

ஆணி வரிசையின் மேல் நீர்புகாத, இறுகிவிடாத சீலன்ட் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டு, ஓரப்பட்டையைப் போடுங்கள். பழைய பட்டை உலோகம் என்றால், வளைந்திருந்தாலும் நிமிர்த்திப் பயன்படுத்தப் பாருங்கள், புதிது வாங்குவது கடைசி வழி. துணிப்பட்டை என்றால் 'ஹைடெம்' என்று கேட்டால் கிடைக்கும். அதைப் பிரித்து உள்ளே ஆணி அடித்ததும் இரண்டு உதடுகளும் மூடி ஆணியை மறைத்துக்கொள்ளும். கூரைத் துணியின் வரியோடு அதுவும் ஒத்திருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே கடையில், ஒரே ஆர்டரில் வாங்குங்கள். டயர் பாலிஷ் எதையும் கூரையில் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் தூசி துடைத்தால் போதும்.

நீங்கள் கண்டெடுத்த அசல் துண்டை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள். அமில வாயு உள்ளேயே தங்கி இன்னும் வேகமாகக் கெடும். காகித உறையில், எந்த இடத்திலிருந்து எப்போது எடுத்தது என்று எழுதி, கார் ஆவணங்களோடு ஒட்டாமல் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

உள்கூரைத் துணியை உடனே மாட்டிவிட வேண்டாம். பூவாளியில் தண்ணீர் எடுத்து, பட்டையின் ஓரமாக முன்னிருந்து பின்னாக மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து சட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்பக்க இரண்டு மூலைகளிலும் பின்கண்ணாடிக்கு மேலும்தான் வழக்கமாகக் கசியும். காடாத் துணியில் ஈரப்புள்ளி தெரிந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, மேலே பட்டையைத் திறந்து சரிசெய்து, காய்ந்ததும் மறுபடி ஊற்றிப் பாருங்கள். இரண்டு முறை சொட்டுக்கூட வராமல் இருந்த பிறகு உள்கூரையை மாட்டலாம்.